ஏ.எம்.இ. லைசென்ஸ் முதலா, டிகிரி முதலா? விமானப் பராமரிப்பில் மேற்படிப்புவரை போக நினைப்பவர்களுக்கு

நாமக்கல்லில் எங்கள் அப்பாவுக்கு லாரிப் பட்டறை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த கையோடு, "பட்டறையைப் பார்த்துக்கடா" என்று அப்பா சொன்னதைக் கேட்காமல் விமானப் பராமரிப்புக்குக் கிளம்பினேன். ஒழுங்காக விசாரித்திருந்தால் ஆறு வருஷத்தில் முடிந்திருக்கும். எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. நடுவில் ஒரு உதவாத பட்டத்துக்கு எழுபதாயிரம் ரூபாய் கட்டினேன், ஒரே பேப்பரை நான்கு முறை எழுதினேன், இனிஷியல் ஒன்றுக்காக ஐந்து மாதம் அலைந்தேன்.

மே மாதம் வந்தால் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தபடி இருக்கும். "மாமா, பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான், ஏரோநாட்டிக்கலா, ஏ.எம்.இ.யா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். ஏ.எம்.இ. என்றால் விமானப் பராமரிப்புப் பொறியாளர்.

1. எது படிப்பு, எது லைசென்ஸ் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பி.இ. ஏரோநாட்டிக்கல் படித்தால் விமானத்தை ரிப்பேர் பார்க்கலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது வடிவமைப்புப் படிப்பு. இறக்கைமேல் காற்று எப்படி ஓடும், எந்தப் பாகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடக் கற்றுத்தருவது. அதை முடித்தவர் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கருக்குள் வந்து ஒரு சக்கரத்தை மாற்றிவிட்டு, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கையெழுத்துக்கு டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கொடுக்கும் ஏ.எம்.இ. லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கான விதித்தொகுப்பு கார்-66, பயிற்சி நிலையங்களுக்கானது கார்-147. மோட்டார் கார் அல்ல, டிஜிசிஏ விதிகளுக்கு அப்படி ஒரு பெயர். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு விசாரிக்கப் போங்கள். எதிரில் இருப்பவர் பேச்சின் தோரணையே மாறிவிடும்.

அதேபோல ஏ.எம்.இ. என்பது பட்டம் கிடையாது. பதின்மூன்று பேப்பர் பாஸ் செய்து, வருஷக்கணக்கில் ஹேங்கரில் எண்ணெயில் குளித்து வாங்கிய லைசென்ஸை எம்.இ. அட்மிஷனில் நீட்டினால், "இது சரிப்பா, உன் யூ.ஜி. சர்டிபிகேட் எங்கே?" என்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

வண்டிப் பக்கம் இப்படியொரு கையெழுத்து லைசென்ஸ் இல்லை. அங்கே டிப்ளமாவும் டிகிரியும்தான் பேசும். டிஎன்பிஎஸ்சி வழியாக மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்குப் போவதற்கும் ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமா, ஒர்க்‌ஷாப் அனுபவம், கனரக ஓட்டுநர் உரிமம் என்றுதான் கேட்பார்கள். வண்டியோடு நிற்கப் போகிறவர்கள் 8-ஆம் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

2. உங்கள் வாசல் எது என்று பாருங்கள்

ஏ.எம்.இ.யில் சேர இரண்டு வாசல். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும், அல்லது மூன்று வருஷப் பொறியியல் டிப்ளமா முடித்திருக்க வேண்டும்.

என் சொந்தக் கருத்து: பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் டிப்ளமாவுக்கு அனுப்புங்கள். பிளஸ் டூவைவிட ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் அந்த ஒரே சான்றிதழில் ஏ.எம்.இ.யிலும் சேரலாம், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம், பகுதி நேர பி.இ.யும் படிக்கலாம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்துகொண்டும் வருவான். ஆட்டோமொபைல் டிப்ளமா வைத்துக்கொண்டு விமானத்துக்குப் போகிறாயா என்று சிரிப்பார்கள். ஹைட்ராலிக் பிரேக்கின் தத்துவம் லாரிக்கும் ஏர்பஸ்ஸுக்கும் ஒன்றுதான்.

அடுத்தது கேட்டகரி, அதாவது லைசென்ஸின் பிரிவு. பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டில் ஒன்று. பி1.1 என்றால் டர்பைன் எஞ்சின் விமானத்தின் மெக்கானிக்கல் பக்கம்: எஞ்சின், லேண்டிங் கியர், ஹைட்ராலிக்ஸ், உடற்கூடு. பி2 என்றால் ஏவியானிக்ஸ்: ரேடியோ, ஆட்டோ பைலட், வயரிங், காக்பிட் கருவிகள். ஹெலிகாப்டருக்கு பி1.3 தனி. "பி2-வுக்கு டிமாண்ட் ஜாஸ்தி" என்று நிலையத்துக்காரர் சொல்வதைக் கேட்டு எடுக்காதீர்கள். அவரிடம் பி2-வில் சீட் காலியாக இருக்கலாம். மல்ட்டிமீட்டரைக் கண்டால் கை பரபரக்கிறதா, ராட்செட்டைக் கண்டால் பரபரக்கிறதா, அதுதான் அளவுகோல்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் நிறக்குருடு சோதனை செய்துகொள்ளுங்கள். என்னோடு சேர்ந்த ஒருவன் முதல் தவணை கட்டி, விடுதியில் படுக்கை போட்டு, மூன்றாவது வாரம் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புகிறது என்று தெரிந்துகொண்டான். பதினெட்டு வருஷம் அவனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

3. நிலையத்தைச் சோதியுங்கள்

டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கார்-147 நிலையங்களின் பட்டியல் இருக்கிறது. நிலையத்தின் பெயர் அதில் இருப்பது மட்டும் போதாது. அங்கீகாரக் கடிதத்தை நேரில் கேட்டு மூன்று விஷயம் பாருங்கள்: எந்தெந்தக் கேட்டகரிக்கு அங்கீகாரம், எந்தத் தேதிவரை, எத்தனை பேரைச் சேர்க்கலாம். பி1.1-க்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, பி2-வும் வந்துவிடும் என்று ஆள் சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். "டிஜிசிஏ சிலபஸ்படி நடத்துகிறோம்" என்பது அங்கீகாரம் ஆகாது. சிலபஸை யார் வேண்டுமானாலும் பிரிண்ட் எடுக்கலாம்.

பிறகு ஹேங்கரைப் பாருங்கள். நிற்கிற விமானத்தின் எஞ்சினை மாணவர்கள் ஓட்டிப் பார்க்கிறார்களா, அல்லது அது போட்டோ எடுக்க மட்டும் நிற்கிறதா என்று கடைசி வருஷ மாணவனிடம் தனியாகக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் நிஜம் வராது. வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கும், அங்கே கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: "உங்க செட்டுல எத்தனை பேர் எல்லா மாட்யூலும் கிளியர் பண்ணியிருக்காங்க?" மாட்யூல் என்பது டிஜிசிஏ தேர்வின் ஒவ்வொரு பேப்பர்.

விமான நிறுவனத்தின் ஹேங்கரில் நேரடிப் பயிற்சி உறுதி என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். எந்த நிறுவனம், எத்தனை மாதம், ஒப்பந்தம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பி1.1, பி2 இரண்டுக்கும் அடிப்படைப் பயிற்சி குறைந்தது 2,400 மணி நேரம் என்பது விதி. வகுப்பறையிலேயே அதை ஓட்டிவிட்டால் ஹேங்கர் வாசனையே தெரியாமல் வெளியே வருவீர்கள்.

4. காகிதங்கள்: இனிஷியலில்தான் இடறும்

கேட்பவை பழக்கமானவைதான்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிளஸ் டூ அல்லது டிப்ளமா சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, புகைப்படங்கள். சிக்கல் பெயரில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு வேஷம் போடும். என் விஷயத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயர். அப்பாவின் பெயரிலும் ஒரு எழுத்து வித்தியாசம். பள்ளியில் "முத்துசாமி", பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்து ஒன்று கூடிப்போய் வேறு ஆள் மாதிரி இருந்தது. டிஜிசிஏ-வின் ஆன்லைன் பதிவில் ஒரு மாதிரி ஏற்றி, அனுபவச் சான்றிதழில் இன்னொரு மாதிரி வந்து, விண்ணப்பம் திரும்பியது. திருத்தி முடிக்க ஐந்து மாதம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன்பே ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும், அப்போது அப்பா பெயரின் எழுத்துகளை அவருடைய ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுவிடுங்கள். நோட்டரி வாக்குமூலம் சில இடங்களில் செல்லும், பல இடங்களில் செல்லாது.

அதோடு, விமான நிலையத்துக்குள் வேலைக்குப் போகும்போது நுழைவு அனுமதி அட்டை வேண்டும். சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் பின்னணிச் சோதனையும் போலீஸ் விசாரணையும் முடிந்த பிறகே அது கையில் வரும். நான்கு ஊரில் நான்கு முகவரி வைத்திருந்தால் நான்கு ஸ்டேஷனுக்குக் காகிதம் போகும். படிக்கிற காலத்தில் ஆதார் முகவரியை விடுதிக்கு மாற்றாமல் சொந்த வீட்டிலேயே விட்டுவைப்பது நல்லது. மதிப்பெண் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர நாளாகும், கேட்டவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

5. பணம்

தனியார் நிலையங்களின் கட்டணம் லட்சங்களில்தான். நான் கட்டியது மூன்றரை லட்சம், விடுதியும் சாப்பாடும் தனி. விளம்பரத்தில் சொல்லாத செலவுகள்: சீருடை, பாதுகாப்பு ஷூ, டூல் கிட், புத்தகங்கள், ஒவ்வொரு டிஜிசிஏ பேப்பருக்கும் தனித்தனித் தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு. ஃபெயிலானால் கட்டணம் மறுபடி முதலிலிருந்து. பட்ஜெட் போடும்போது பதின்மூன்று பேப்பருக்குப் பதில் இருபது பேப்பர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் கிடைக்கும். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகள் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்துக்குள் வருகின்றன. கிளை மேலாளர் "இது டிகிரி இல்லையே" என்று இழுத்தால் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். 4 லட்சம்வரை நீங்கள் கையிலிருந்து பங்கு போடத் தேவையில்லை. 7.5 லட்சம்வரை சொத்துப் பத்திரம் அடகு வைக்கத் தேவையில்லாத உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் நாளைக்கு வா என்பார்கள்.

முதல் பட்டதாரி சலுகை, கவுன்சிலிங் கட்டணச் சலுகை எதுவும் இங்கே கை கொடுக்காது. அவை கவுன்சிலிங் வழியாகப் பி.இ. சேர்பவர்களுக்கு.

மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். கட்டாதீர்கள். செமஸ்டர் செமஸ்டராகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

6. மாட்யூல் தேர்வுகள்

கதையின் நெஞ்சுப்பகுதி இதுதான். வகுப்பு முடித்ததற்கு நிலையம் கொடுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு லைசென்ஸ் கேட்க முடியாது. டிஜிசிஏ-வின் மத்தியத் தேர்வு அமைப்பு நடத்தும் மாட்யூல்களை நீங்கள் தனியே பாஸ் செய்ய வேண்டும். பி1.1-க்கு 1 முதல் 10 வரை, பிறகு 11ஏ, 15, 17ஏ. ஆக பதின்மூன்று. பி2-வுக்கு அதே 1 முதல் 10 வரை, பிறகு 13, 14. பேப்பரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆழம் வேறு. மாட்யூல் 5 (டிஜிட்டல் நுட்பம்) பி2-காரர்களுக்கு மலை, பி1-காரர்களுக்கு மேடு.

பாஸ் மார்க் 75 சதவீதம். கல்லூரி நினைப்பில் இருப்பவர்களுக்கு இது உறைக்காது. கொள்குறி வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 75 விநாடிக் கணக்கில் நேரம், தவறான விடைக்கு மார்க் கழிவு இல்லை. நான் எழுதியபோது மாட்யூல் 11ஏ-வில், அதாவது விமானத்தின் உடற்கூடும் அமைப்புகளும், 140 கேள்வி, 105 சரியாக வர வேண்டும். மாட்யூல் 15, அதாவது கேஸ் டர்பைன் எஞ்சின், 92-க்கு 69. இந்தப் பெரிய பேப்பர்களைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் ஆளைக் கவிழ்ப்பது சின்னப் பேப்பர். மாட்யூல் 4-இல் பி1-க்கு வெறும் 20 கேள்வி, 15 சரியாக வேண்டும். பெரிய பேப்பரில் பத்துக் கேள்வி சொதப்பினாலும் இடம் இருக்கும், இங்கே ஆறாவது தப்பில் கதை முடிந்தது. செமிகண்டக்டர், சர்க்கிட் போர்டு, சர்வோ, மூன்றே தலைப்பு. டீசல் எஞ்சினிலேயே வளர்ந்த எனக்கு டிரான்சிஸ்டர் ஒட்டவில்லை. மூன்று முறை ஃபெயில், அதில் இரண்டு முறை 14 மார்க். நான்காவது தடவை ஒரு டிவி மெக்கானிக் அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, பழைய போர்டுகளைக் கழற்றிப் பார்த்துத்தான் பாஸ் செய்தேன்.

எழுதும் வரிசை: 1, 2, 8 (கணிதம், இயற்பியல், அடிப்படைக் காற்றியக்கவியல்) மூன்றையும் முதல் வருஷமே முடியுங்கள். கணிதமும் இயற்பியலும் பிளஸ் டூ சூடு ஆறுவதற்குள் எழுதினால் சுலபம். 3, 4, 5 அடுத்தடுத்து. 6, 7 (பொருட்கள், பராமரிப்பு முறைகள்) ஹேங்கரில் கை வைத்த பிறகு, அதற்கு முன்னால் எழுதினால் ரிவெட் அளவுகளை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டிவரும். 11ஏ, 15 கடைசியில், ஒரே அமர்வில் இரண்டையும் சேர்க்காமல். கார்-66 பாடத்திட்டத்தில் 7, 9, 10-க்குக் கட்டுரை வினாவும் உண்டு, ஒன்றுக்கு 20 நிமிடம். கொள்குறியில் நல்ல மார்க் வாங்கிக் கட்டுரையில் விழுந்தவர்கள் ஏராளம், இரண்டையும் தனித்தனியே பாஸ் செய்ய வேண்டும் என்பதால். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். இலக்கணம் பிசகினால் பரவாயில்லை, என்ன வேலையை எந்த வரிசையில் செய்வீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும்.

மாட்யூல் 10 சட்டப் பேப்பர். சீனியர்கள் கொடுக்கும் ஜெராக்ஸ் நோட்ஸில் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் என்று இருக்கும். அது போய், பாரதிய வாயுயான் அதினியம் 2024 வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய கேள்வித் தொகுப்பை மட்டும் நம்பி இந்தப் பேப்பருக்குப் போகாதீர்கள்.

பாஸ் செய்த மாட்யூல்களுக்கும் ஆயுள் உண்டு. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் பத்து வருஷத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பத்து வருஷம் நிறைய என்று தோன்றும். கல்யாணம், வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வருஷம் சத்தமில்லாமல் போய்விடும்.

7. லாக்புக்கும் அனுபவமும்

பேப்பர்கள் முடிந்தாலும் லைசென்ஸ் வராது. ஓடிக்கொண்டிருக்கும் விமானங்களில் வேலை பார்த்த அனுபவம் காட்ட வேண்டும். பி1.1, பி2-வுக்கு: அங்கீகரிக்கப்பட்ட கார்-147 படிப்பு முடித்தவர்களுக்கு 2 வருஷம், தொடர்புடைய தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கு 3 வருஷம், எதுவும் இல்லாமல் நேரடியாக ஹேங்கரில் சேர்ந்து கற்றவர்களுக்கு 5 வருஷம். ஆக, நிலையத்துக்குக் கட்டும் பணத்தில் பாதி, ஐந்துக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்று வருஷத்தை மிச்சப்படுத்தத்தான்.

நிலையத்தை முடித்ததும் இந்த அனுபவம் எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய தலைவலி. தமிழ்நாட்டுக்குள் ஓசூர் விமானதளத்தில் பராமரிப்பு ஹேங்கர் இருக்கிறது. பக்கத்தில் பெங்களூர், ஹைதராபாத், திருவனந்தபுரம். கொஞ்சம் தள்ளினால் நாக்பூர். சென்னையிலேயே வேலை வேண்டும் என்று உட்கார்ந்தால் வருஷம் வீணாகும். முதல் வேலை டெக்னீஷியன், ஹெல்பர், டிரெய்னி என்று எந்தப் பெயரில் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பார்த்து அப்பா திட்டுவார். எங்கள் பட்டறைப் பையனைவிடக் குறைவாகத்தான் முதல் வருஷம் வாங்கினேன்.

சேர்ந்த முதல் நாளிலிருந்து லாக்புக் எழுதுங்கள். தேதி, வி.டி. என்று தொடங்கும் விமானப் பதிவு எண், ஏ.டி.ஏ. அத்தியாய எண் (விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள பொது எண்), செய்த வேலை, மேனுவலில் எந்தப் பகுதியைப் பார்த்துச் செய்தது, மேற்பார்வையிட்டவரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். லேண்டிங் கியர் என்றால் 32, ஹைட்ராலிக்ஸ் 29, எரிபொருள் 28. இந்த எண்கள் ஒரு மாதத்தில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாத வேலையைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கையெழுத்து வாங்கலாம் என்று நினைத்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் அதற்குள் கத்தாருக்குப் போயிருப்பார். எனக்கு நாற்பது பதிவுகள் அப்படிப் போயின. ஒரே மாதிரி டயர் மாற்றும் வேலையாகவே எழுதி நிரப்பாதீர்கள். வேலைகளில் வகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பட்டறையில் இருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா லாரி வீல் நட்டை இறுக்கும்போது பைப் மாட்டிய ஸ்பேனரில் ஏறி நின்று, "கிர்ர்" என்று வரும் சத்தத்தை வைத்தே போதும் என்பார். முப்பது வருஷத்தில் ஒரு சக்கரமும் கழன்றதில்லை. ஹேங்கரில் என் முதல் வாரம், டார்க் ரெஞ்சில் அளவு வைத்து எட்டு போல்ட்டையும் அழகாக இறுக்கினேன். சூப்பர்வைசர் வந்து போல்ட்டைப் பார்க்கவே இல்லை. ரெஞ்சைத் திருப்பி, கைப்பிடியில் ஒட்டியிருந்த அளவுத்திருத்தத் தேதியைக் காட்டினார். முந்தின நாளோடு முடிந்திருந்தது. எட்டையும் கழற்றி, வேறு ரெஞ்ச் வாங்கி வந்து, முதலிலிருந்து. போல்ட் கழலாமல் கட்டும் லாக்வயரை முறுக்குவதும் அப்படித்தான். கம்பி எந்தப் பக்கம் இழுத்தால் போல்ட் இறுகும் என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும், தலைகீழாகக் கட்டினால் எவ்வளவு நேர்த்தியாக முறுக்கினாலும் வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

லைசென்ஸ் கையில் வந்ததும் ஏர்பஸ் ஏ320-க்கோ போயிங் 737-க்கோ தானாகக் கையெழுத்துப் போட முடியாது. அந்த ரகத்துக்கு டைப் ரேட்டிங் படிப்பு தனி, லட்சங்களில் செலவு. வேலை கிடைப்பதற்கு முன்னால் சொந்தக் காசில் எடுக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. நிறுவனத்தில் சேர்ந்தபின் அவர்களே பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதும் உண்டு.

8. டிகிரியை எங்கே நுழைப்பது

நான் ஏமாந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். சேரும்போதே ஒருவர், "ஏ.எம்.இ.யோட ஒரு பி.எஸ்சி.யும் வாங்கிக்கலாம், வெளிமாநில யுனிவர்சிட்டி, வகுப்புக்கே போக வேண்டாம்" என்றார். எழுபதாயிரம் கட்டினேன். தேர்வுக்கு ஒரே தடவை போனேன். சான்றிதழ் வந்தது, அழகாகத் தங்க நிறத்தில். பிறகு பார்த்தால், நான் சேர்ந்த வருஷத்தில் அந்தப் படிப்பைத் தொலைதூரத்தில் நடத்த அதற்கு யுஜிசி அனுமதியே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, குறிப்பிட்ட வருஷத்தில் குறிப்பிட்ட படிப்பைத் தொலைதூரத்தில் நடத்த அனுமதி இருப்பது வேறு. யுஜிசி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இரண்டையும் பாருங்கள். தொலைதூர பி.டெக். என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதியில்லாமல் அப்படிக் கொடுத்த பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டன. ஏரோநாட்டிக்கல் சொசைட்டியின் தேர்வு எழுதினால் பி.இ.க்குச் சமம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2013 மே 31-க்குள் பதிந்தவர்களோடு அந்தச் சலுகை நின்றுவிட்டது.

உங்கள் குறி என்ன என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

எம்.இ., எம்.டெக். வேண்டுமென்றால் பி.இ. இல்லாமல் நடக்காது. மூன்று வருஷ பி.எஸ்சி. ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் அதற்குப் போதாது, கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுத விட்டாலும் அட்மிஷனில் தட்டிவிடுவார்கள். டிப்ளமாக்காரர்களுக்கு இரண்டு வழி: பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, அல்லது வேலையில் இருந்துகொண்டே மாலை நேரப் பகுதி நேர பி.இ. கோவை, சேலம், பர்கூர், காரைக்குடி போன்ற ஊர்களின் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் பகுதி நேர பி.இ. நடந்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு திறந்திருக்கிறது என்று அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். நான் கடைசியில் மெக்கானிக்கலை அப்படித்தான் முடித்தேன். மதிய ஷிஃப்ட் வரும் வாரங்களில் வருகைப்பதிவு போய்விடும், சேரும்போதே ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் பேசிக்கொள்ளுங்கள். அதன்பின் தமிழ்நாட்டு எம்.இ.க்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா (CEETA) நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.டி. என்றால் கேட். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல் துறைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, வண்டிக்காரர்களும் விமானக்காரர்களும் கவனிக்க.

பராமரிப்பு மேலாண்மை, ஏர்வொர்தினஸ் (விமானத்தின் பறக்கும் தகுதி) மாதிரி வேண்டுமென்றால், எந்தப் பிரிவிலாவது ஒரு முறையான இளநிலைப் பட்டம் போதும் என்ற எம்.பி.ஏ.க்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் லண்டனின் சிட்டி பல்கலைக்கழகம் விமானப் பராமரிப்பு மேலாண்மைக்கும், கிரான்ஃபீல்டு ஏர்வொர்தினஸுக்கும் முதுநிலைப் படிப்பு நடத்தியிருக்கின்றன. இந்த மாதிரி இடங்களில் உங்கள் லைசென்ஸும் அனுபவமும் எடை போடப்படும்.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை அப்படியே இருந்துவிடாது. கடந்த 2 வருஷத்தில் குறைந்தது 6 மாதமாவது பராமரிப்பு வேலை பார்த்திருக்க வேண்டும். முழுநேர எம்.இ. சரியாக இரண்டு வருஷம். ஹேங்கரைத் திரும்பிப் பார்க்காமல் படித்துவிட்டு வந்தால் முதுநிலைப் பட்டம் கையில் இருக்கும், கையெழுத்து உரிமை போயிருக்கும். அதனால் வேலையை ராஜினாமா செய்யாமல் படிப்பு விடுப்பு கேட்டுப் பாருங்கள், செமஸ்டர் விடுமுறைகளை ஹேங்கரில் கழிக்கும்படி எழுதி வாங்குங்கள். அந்த மாதங்களையும் லாக்புக்கில் ஏற்றுங்கள்.

தேதிகள்: கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசி வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில், மதிப்பெண் 3 வருஷம் செல்லும். சீட்டா அதற்குப் பிறகு மார்ச் வாக்கில். இங்கிலாந்துப் படிப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன, முந்தின நவம்பரிலேயே காகிதம் திரட்ட ஆரம்பித்தால்தான் விசா வரை மூச்சு விடலாம். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒரு முறை ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். என்னுடையது ஒரு தடவை ஸ்கைட்ரால் என்ற ஹைட்ராலிக் திரவம் பட்டு பதினோரு பக்கம் மை கரைந்துபோனது.